கொடுமுடியிலிருந்து கொழும்புக்கு: கே.பி. சுந்தராம்பாளின் குரலும் வாழ்வும்

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாந்தர வகுப்பில் ஔவையாரைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "ஔவையார் என்றதும் உங்கள் மனக்கண்ணில் வரும் உருவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். வெள்ளைச் சேலை, நரைத்த தலை, நெற்றியில் நீறு, கையில் ஒரு தடி, கணீரென்ற குரல் என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். "ஔவையாரை நேரில் கண்டவர் நம்மில் யாருமில்லையே, அப்படியானால் இந்த உருவம் எங்கிருந்து வந்தது?" என்று திரும்பக் கேட்டேன். வகுப்பு மௌனமாயிற்று.

அந்த உருவம் 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படத்திலிருந்து வந்தது. அதில் நடித்துப் பாடியவர் கே.பி. சுந்தராம்பாள். படத்தைப் பார்த்திராத பிள்ளைகளின் மனத்திலும், படங்களாலும் நாட்காட்டிகளாலும் பள்ளி மேடைகளாலும் அந்த உருவமே பதிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒருவரின் உருவம் நிலைத்துவிட, அவருடைய பெயர் மட்டும் மறைந்துபோவது எனக்கு வருத்தத்தைத் தந்தது. அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

புளியங்கூடலில் நான் கேட்ட குரல்

எனக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியவந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பிறந்த ஊர் புளியங்கூடல். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் சரவணைக்கு அயலில் வரும் சிறிய ஊர். பனையும் வயலும் கோயில்களும் கொண்டது. என் சிறுவயதில் கோயில் திருவிழா என்றால் விடியற்காலையில் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். பனைகளுக்கு மேலால் முதலில் வருவது பெரும்பாலும் சுந்தராம்பாளின் குரலாகத்தான் இருக்கும்.

முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும் அம்மம்மா அந்தக் குரல் கேட்டதும் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நிற்பார். பாட்டு முடிந்த பிறகே மீண்டும் கூட்டுவார். அம்மம்மா இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்தவர். அதற்கு முன் மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடிப்போகும் கூட்டத்தில் அவருடைய குரலே முன்னுக்கு நிற்குமாம். அம்மப்பா இறந்த பிறகு அவர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. யாரும் வாய்திறந்து தடுத்ததாக அவர் சொன்னதில்லை. யாரும் வந்து கூப்பிடவில்லை என்று மட்டும் சொல்வார். ஒடியல் கிழிக்கும்போதும், எங்களை நித்திரையாக்கும்போதும், அடுத்த வளவுக்குக் கேட்காத அளவில் பாடுவார்.

ஒருநாள் ஒலிபெருக்கியில் பாடியவர் யார் என்று கேட்டேன். பெயரைச் சொல்லிவிட்டு, "அவவும் என்னைப் போலத்தான் பிள்ளை. ஆனா அவ வாயை மூடேல்லை" என்றார். அந்த வயதில் எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. சுந்தராம்பாளின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் விளங்கியது.

ஒலிவாங்கி இல்லாத காலத்து மேடை

சுந்தராம்பாள் 1908 ஒக்டோபரில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். தாயின் பெயர் பாலாம்பாள். ஊரின் முதலெழுத்தும் தாயின் முதலெழுத்தும் சேர்ந்ததே 'கே.பி.' என்பது. பெயருக்கு முன்னால் தந்தையின் எழுத்தைப் போடுவதே வழக்கமாக இருந்த சமூகத்தில், தாயின் எழுத்தோடு அவர் அறியப்பட்டார் என்பதைக் கவனியுங்கள். தந்தை இல்லாத வறிய குடும்பம். சிறு பிள்ளையாகப் புகையிரதத்தில் பாடிக் காசு சேர்த்தார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அவருடைய குரலைக் கேட்டவர்கள் அவரை நாடகத்துறைக்குக் கொண்டுவந்தார்கள். கரூரில் வேலு நாயரின் நாடகக் கம்பனியில் சேர்ந்து, முதலில் சிறுவர் வேடங்களில் நடித்தார்.

அக்கால நாடகத்தை இன்றைய நாடகத்தோடு ஒப்பிட முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோர் எழுதிய நாடகங்கள் பாட்டால் நிறைந்தவை. இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். ஒலிவாங்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அவன் எழுந்து நின்று சத்தமிடுவான்.

இங்கே ஓர் இசைச் செய்தியைச் சொல்ல வேண்டும். ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிப்பது நம் வழக்கம். எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். தாழ்ந்த சுருதியில் பாடும் குரல் நான்கு வரிசைக்கு அப்பால் கலங்கிப்போகும். உயர்ந்த சுருதியில் பாடும் குரலோ கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலால் போய் விழும். ஆகவே மேடைப் பாடகர்கள் உயர்ந்த கட்டையில் பாடவேண்டியிருந்தது. அதையும் கத்தாமல், எழுத்து ஒவ்வொன்றும் உடையாமல், இரவு முழுக்கப் பாடவேண்டும். சுந்தராம்பாளின் 'கணீர்' என்ற குரல் இயற்கை தந்தது மட்டுமல்ல. ஒவ்வோர் இரவும் கடைசி வரிசையை எட்டவேண்டும் என்ற தொழிற் கட்டாயம் வளர்த்தெடுத்த குரல் அது. பின்னாளில் திரைப்படத்திலும் அவருடைய உச்சரிப்பு அவ்வளவு தெளிவாக இருப்பதற்கு இந்தப் பயிற்சியே காரணம்.

கொழும்பு, 1926

1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. இரு கரையிலும் புகையிரதம் இருந்தது. இதனால் தமிழகத்து நாடகக் குழுக்கள் இலங்கைக்கு வருவது எளிதாயிற்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவர்களின் நாடகங்களுக்குப் பெருங்கூட்டம் கூடியது. யாழ்ப்பாணத்து இசை நாடக மரபு செழித்ததற்கு இந்த வருகைகளும் ஒரு காரணம். பின்னாளில் 'நடிகமணி' வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நின்று பாடிப் புகழ்பெற்ற 'மயான காண்டம்' அந்த மரபில் வந்ததே.

1926இல் சுந்தராம்பாள் கொழும்பில் நடித்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து அவரோடு சேர்ந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா சிறுவயதிலேயே கன்னையா கம்பனியில் நடித்துப் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய குரலுக்கு ஈடில்லை என்பது அக்காலப் பேச்சு. அப்படிப்பட்டவரோடு எதிர்நின்று பாட ஒரு பெண்ணால் முடியுமா என்பதே கூட்டத்தின் கேள்வியாக இருந்தது. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வள்ளியும் அவளைத் தேடி வருபவர்களும் பாட்டாலேயே வாதாடுவார்கள். ஒருவர் பாடி நிறுத்துமிடத்தில் மற்றவர் தொடங்கவேண்டும். எழுதிவைத்ததற்கு மேலாக அந்தக் கணத்தில் தோன்றுவதையும் பாடவேண்டும். ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ள முடியாத போட்டி அது. அந்தப் போட்டியில் சுந்தராம்பாள் பின்வாங்கவில்லை. இருவரையும் சேர்த்துப் பார்க்கவே கூட்டம் வரத் தொடங்கியது.

என் அம்மப்பா அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு கடையில் சிப்பந்தியாக இருந்தவர். தீவகத்து இளைஞர் பலர் அப்படித்தான் கொழும்புக்குப் போனார்கள். அந்த நாடகத்தைத் தான் பார்த்ததாக அம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உண்மையோ, கடைக்காரப் பெடியன்களின் பெருமைப் பேச்சோ, இன்று கேட்க ஆளில்லை. ஆனால் அவர் சொன்னதாக அம்மம்மா சொன்ன ஒன்று நினைவிருக்கிறது: காசு குறைந்த இடத்தில், கதவுக்குப் பக்கத்தில் நின்றும் ஒரு சொல் தப்பாமல் கேட்டதாம்.

இருபத்தைந்து வயதில்

1927இல் சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் மணம்புரிந்தார்கள். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி இருந்தார். இந்த மணவாழ்க்கை அமைதியாக அமையவில்லை. பிறந்த குழந்தையும் சில நாட்களில் இறந்தது. கணவர் விலகியிருந்த காலங்களில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னாளில் வெளியாகின. மேடையில் எவருக்கும் அஞ்சாத பெண் அந்தக் கடிதங்களில் நியாயம் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போவதைக் காணலாம். 1933 டிசம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் வெள்ளைக் கதராடையே உடுத்தினார். ஆண் நடிகருடன் சோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். நாடக உலகம் அவருடைய தொழில் முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அக்கால மேடையில் ஒரு பெண்ணுக்கு இருந்த வேடங்கள் காதலியும் மனைவியும்தானே. அந்த இரண்டையும் அவர் விலக்கிவிட்டார்.

ஓர் இலட்சம் ரூபாயின் கதை இதற்குப் பிறகு வருவது. தமிழில் பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிய தயாரிப்பாளர் ஒருவர் சுந்தராம்பாளை அணுகினார். நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அக்காலத்தில் நினைத்துப்பார்க்கவும் முடியாத தொகை அது. ஆனால் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார். 'பக்த நந்தனார்' 1935இல் வெளிவந்தது. அதில் சுந்தராம்பாள் ஏற்றது நந்தனார் என்ற ஆண் வேடம். எதிரே வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். சோடியாக நடிப்பதில்லை என்ற முடிவும் காப்பாற்றப்பட்டது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தொகையின் பெருமையோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. நேரே 'மாட்டேன்' என்று ஒரு பெண் சொன்னால் அதை யாரும் விடையாகவே எடுத்துக்கொள்ளாத காலம் அது. விலையைச் சொன்னபோதுதான் எதிரே இருந்தவர்கள் அவருடைய வார்த்தையை நின்று கேட்டார்கள். மறுப்பதற்காகச் சொன்ன விலையே அவருடைய குரலின் மதிப்பை ஊரறியச் செய்துவிட்டது.

வேடங்களின் பட்டியல்

அவருடைய திரைப்படங்கள் அதிகமில்லை. ஆனால் அவர் ஏற்ற வேடங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1935இல் நந்தனார். 1940இல் 'மணிமேகலை'. 1953இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். 1965இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவையார். 1973இல் காரைக்கால் அம்மையார்.

மாணவியரே, இந்தப் பட்டியலில் நீங்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். நந்தனார் ஓர் ஆண் அடியார். மணிமேகலை துறவு பூண்டவள். ஔவையார் தனித்து நின்ற புலவர். கவுந்தியடிகள் சமணத் துறவி. காரைக்கால் அம்மையார் இல்லற வாழ்வை விட்டு வந்தவர். இவர்களில் ஒருவரும் கதையில் ஓர் ஆணின் சோடியாக நிற்பவர் அல்லர். எல்லாரும் தம் சொல்லால் நிற்பவர்கள். சோடியாக நடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டைத் தனக்குத் தானே விதித்துக்கொண்ட ஒரு நடிகைக்குத் தமிழ் இலக்கியம் ஐந்து கதவுகளைத் திறந்துவைத்திருந்தது. அவர் ஐந்தாலும் நுழைந்தார். நாம் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் பரீட்சைக்காகப் படிக்கிறோம். அவற்றில் இருந்த பெண்கள் இன்னொரு பெண்ணுக்குத் தொழில் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கலாம்.

அவருடைய வெள்ளையாடையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதைத் துயரத்தின் அடையாளமாக மட்டும் பார்ப்பது பாதி உண்மை. விதவை என்றால் வீட்டின் பின்பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எண்ணிய சமூகத்தில், அதே வெள்ளையாடையோடு அவர் மேடையின் நடுவில் வந்து நின்றார். காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார். 1950களில் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். திரைத்துறையிலிருந்து சட்டசபைக்குள் நுழைந்த முதற் கலைஞர் என்று அவரைச் சொல்வார்கள். சொந்த ஊரான கொடுமுடியில் ஒரு திரையரங்கையும் கட்டினார். 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டுக்குரிய சிறந்த பாடகிக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது. 1980இல் காலமானார்.

இசைத்தட்டும் கணக்கும்

மேடையில் பாடியவர்களின் குரல் இன்று நமக்குக் கிடைப்பது இசைத்தட்டுகளால். அரக்கால் செய்த அக்காலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே பாட்டுக் கொள்ளும். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடியதை மூன்று நிமிடத்துக்குள் அடக்கிப் பாடவேண்டும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் இந்தக் கலையிலும் தேர்ந்தார்கள். அவர்களைக் காணாத ஊர்களிலும் கிராமபோன் பெட்டி வைத்திருந்தவர் வீட்டு முற்றத்தில் அவர்களின் பாட்டு ஒலித்தது.

ஆனால் இசைத்தட்டு எல்லாப் பாடகிகளுக்கும் வாழ்வு தந்ததா? இதை அறிய வேறொரு நாட்டுக் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை 'இனத் தட்டுகள்' என்று தனியே ஒதுக்கி விற்றார்கள். 1949இல் 'பில்போர்ட்' என்ற இசைத்துறைப் பத்திரிகை அந்தப் பெயரை விட்டு 'ரிதம் அன்ட் புளூஸ்' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்த இசையின் முதற் பெரும் பாடகிகளுள் ஒருவர் ரூத் பிரவுண். 1928இல் வேர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். பாட்டு ஒப்பந்தம் கைகூடி வந்த வேளையில் வாகன விபத்தில் கால்கள் நொறுங்கின. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1950களில் அவருடைய தட்டுகள் மிகுதியாக விற்றன. அவற்றை வெளியிட்ட அட்லாண்டிக் என்ற இளம் நிறுவனத்தையே 'ரூத் கட்டிய வீடு' என்று மக்கள் அழைத்தார்கள்.

அந்த வீட்டில் ரூத்துக்கு இடமிருக்கவில்லை. பாடும்போது சிறு தொகை கையில் கிடைக்கும். ஒலிப்பதிவுச் செலவுகள் அவருடைய கணக்கிலேயே கடனாக எழுதப்படும். விற்ற தட்டுக்கான பங்கு அந்தக் கடனைத் தாண்டி அவரிடம் வரவில்லை. 1960களில் புகழ் குறைந்தபோது அவர் வீட்டு வேலைக்குப் போனார், பஸ் ஓட்டினார், பிள்ளைகளை வளர்த்தார். வானொலியில் அவருடைய பாட்டுப் போய்க்கொண்டிருக்க, அவர் இன்னொருவர் வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். பின்னர் மீண்டும் மேடைக்கு வந்தார். ஒரு சட்டத்தரணியின் துணையோடு பல ஆண்டுகள் போராடினார். 1988இல் நிறுவனம் அவருக்கும் அவரைப்போன்ற பழைய கலைஞர்களுக்கும் கடந்த காலத்துக்கான பங்கைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் முதிய பாடகர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையும் உருவாயிற்று. 2006இல் இறக்கும்வரை ரூத் பாடிக்கொண்டிருந்தார்.

இரு பெண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவருக்கும் குரல் இருந்தது. இருவருக்கும் கூட்டம் இருந்தது. சுந்தராம்பாள் விலையை முன்னால் சொன்னார். ரூத் கையெழுத்திட்ட பிறகு கணக்கைத் தேடினார். இதில் ரூத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கால் நொறுங்கிக் கிடக்கும் இளம் பெண்ணிடம் நீட்டப்பட்ட தாள் அது. நாம் கற்கவேண்டியது வேறு. திறமை ஒருவரை மேடைக்குக் கொண்டுபோகும். மேடையிலிருந்து இறங்கிய பிறகும் அவர் நிமிர்ந்து வாழ்வதற்கு, வாசித்து விளங்கும் அறிவும், கேள்வி கேட்கும் துணிவும் வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் நாளை தையல் வேலைக்கும், வங்கிக்கும், மருத்துவத்துக்கும், வெளிநாட்டுக்கும் போவார்கள். எங்கே போனாலும் ஒரு தாள் நீட்டப்படும். அதை முழுவதும் வாசிக்காமல் கையெழுத்திடாதிருக்கும் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்திலேயே பழக வேண்டும். பெற்றோரும் வீட்டில் காணிப்பத்திரம், வங்கிப் புத்தகம் முதலியவற்றை மகள்மாருக்கும் காட்டி விளக்குவது நல்லது.

பதிவாகாத குரல்கள்

இனி என் அம்மம்மாவிடம் திரும்பி வருகிறேன். 1990இல் தீவகம் இடம்பெயர்ந்தபோது நாங்களும் புளியங்கூடலை விட்டு வந்தோம். கையில் கொண்டுவந்தவை இரண்டு பைகள். அம்மம்மா அடுத்த சில ஆண்டுகளில் ஓர் அகதி முகாமில் காலமானார். அவருடைய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. குரல் இல்லை. எங்கள் உறவினர் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதில் நாங்கள் சினிமாப் பாட்டுப் பதிந்து கேட்டோமே தவிர, அம்மம்மாவைப் பாடச்சொல்லிப் பதிய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாயை மூடச்சொன்னது ஊர் மட்டுமல்ல. கேட்காமல் விட்ட நாங்களும் அதில் பங்காளிகள்தாம். சுந்தராம்பாளின் குரலை நான் எப்போதும் கேட்கலாம். அதைக் கேட்டு விளக்குமாற்றை நிறுத்திய அம்மம்மாவின் குரலை இனி ஒருபோதும் கேட்க முடியாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்கட உம்மும்மாவும் நல்லாக் கவி படிப்பாங்க. ஆக்கள் இருந்தா மட்டும் படிக்க மாட்டாங்க" என்றாள். வகுப்பில் பலர் தலையாட்டினார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற நேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உங்களில் இருக்கிறீர்கள். அவர்களும் வீடுகளை விட்டுத்தான் வந்தார்கள். பாட்டுகளை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அவை பாடுபவரோடு போய்விடும்.

சென்ற மாதம் அந்த மாணவி தன் தாயின் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினாள். முதலில் பாத்திரச் சத்தம். பிறகு, "இதெல்லாம் என்னத்துக்கு மகள்?" என்று ஒரு முதிய குரல். பிறகு ஒரு தாலாட்டு. நடுவில் ஓரிடத்தில் அடி மறந்துபோய் நிற்கிறது. "அது வராது, விடு" என்கிறார். பேத்தி விடவில்லை. சற்று நேரத்தில் அந்த அடி வந்துவிடுகிறது. இரண்டு நிமிடமும் சில வினாடியும். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் அளவு.

மாணவியருக்கான பயிற்சிகள்

1. உங்கள் வீட்டிலுள்ள முதியவரிடம் அவர் அறிந்த தாலாட்டு, கவி, விளையாட்டுப் பாடல் ஒன்றைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். பின்னர் அவர் உச்சரித்தபடியே எழுத்தில் எழுதுங்கள். அவருடைய பெயரையும் ஊரையும் ஆண்டையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

2. மணிமேகலை, கவுந்தியடிகள், ஔவையார் ஆகிய மூவரில் ஒருவரைத் தெரிந்து, அவர் தம் சொல்லால் சாதித்த ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

3. உங்கள் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்து யாருடையது? உங்கள் தாயின் எழுத்தையும் சேர்த்து எழுதினால் உங்கள் பெயர் எப்படி அமையும்? எழுதிப் பாருங்கள்.

எழுதியவற்றையும் பதிந்தவற்றையும் அடுத்த தவணையின் முதற் கிழமையில் என்னிடம் கொண்டுவாருங்கள். கேட்பதற்குக் காத்திருக்கிறேன்.